அறிவார்ந்த வடிவமைப்பு: குயவன் வாதத்தின் நீண்ட வழக்கு

உயிர்களின் உடலமைப்பு தானாக அமைந்திருக்க முடியாது, அறிவுள்ள ஒரு கர்த்தா திட்டமிட்டே அதைச் செய்திருக்க வேண்டும், அதற்கான தடயத்தை அறிவியல் முறையிலேயே காட்டலாம் என்று சொல்வது அறிவார்ந்த வடிவமைப்புக் கொள்கை. இந்தப் பெயரில் அது 1980களின் இறுதியில் அமெரிக்காவில் உருவானது. பரிணாமக் கொள்கைக்கு மாற்றாகப் பள்ளிகளில் நுழைய முயன்று, 2005இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில் தோற்றது. அதன் உள்ளே இருக்கும் வாதமோ மிகப் பழையது. இந்தியத் தருக்க நூல்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அது ஆதரிக்கப்பட்டும் மறுக்கப்பட்டும் வந்திருக்கிறது. தமிழ்நாட்டின் சைவ, வைணவ ஆசிரியர்களும் அதில் எதிரெதிர் நிலை எடுத்திருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையின் எடுத்துக்காட்டுகளில் சில கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து, அதிலும் ஒசூரை அடுத்துக் கர்நாடக எல்லையில் உள்ள பாகலூர் வட்டாரத்திலிருந்து வருகின்றன. முன்பு பாளையமாக இருந்த ஊர் அது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அங்கே புழங்குகின்றன. கைக்கடிகார ஆலை, கற்காலக் கருவிகள், ரோஜாப் பசுமைக்குடில்கள் ஆகிய மூன்றும் இந்த ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. வடிவமைப்பு வாதத்தைச் சோதிக்க இவற்றைவிடப் பொருத்தமானவை கிடைப்பது அரிது.

பானை, குயவன், புற்று

பானையைக் கண்டால் குயவன் உண்டு என்று அறிகிறோம். உலகமும் உறுப்புகள் கூடி அமைந்த ஒரு காரியமே. ஆகவே அதற்கும் ஒரு கர்த்தா உண்டு. நியாய மரபினர் ஈசுவரனை நிறுவக் கையாண்ட அனுமானம் இது. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் மிதிலை நாட்டு உதயணர் தம் நியாய குசுமாஞ்சலியில் இதற்கு மிக விரிவான வடிவம் தந்தார். தமிழில் 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதம் இந்த வகை அனுமானத்துடனேயே தொடங்குகிறது: சுட்டி அறியப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதால் அதை இயக்கும் முதல்வன் ஒருவன் உண்டு என்பது முதல் சூத்திரத்தின் சாரம். அவருடைய மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் இதை விரித்தார். மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்ற பாகுபாட்டை உலகுக்கும் பொருத்தி மாயை, சத்தி, சிவன் என்று சைவ சித்தாந்தம் அடுக்குகிறது. எந்தப் பொருளிலிருந்து, எந்தக் கருவியால், யார் செய்தார் என்ற மூன்று கேள்விக்கும் அது பதில் வைத்திருந்தது. அந்தப் பதில்களை ஏற்பதும் மறுப்பதும் வேறு. கேள்வியைத் தட்டிக் கழிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏழு நூற்றாண்டுக்குப் பின் வந்த அமெரிக்க வாதிகளிடம் இந்தத் துணிவு இல்லை.

மறுப்பு அதற்கும் முன்பே வந்துவிட்டது. 7ஆம் நூற்றாண்டுப் பௌத்தத் தருக்கவியலார் தர்மகீர்த்தி, பிரமாணவார்த்திகத்தில் ஒரு புற்றை எடுத்துக் காட்டினார். பானை மண்ணால் ஆனது, குயவன் செய்தான். புற்றும் மண்ணால் ஆனதுதான். மண்ணின் வடிவம் என்ற ஒற்றுமை ஒன்றே போதுமென்றால் புற்றையும் குயவன் செய்ததாகவே கொள்ள வேண்டும். எந்த வகைப் பொருளை எந்த வகைச் செய்வோன் செய்யக் கண்டிருக்கிறோமோ, அந்த வகைக்கு மட்டுமே அனுமானம் செல்லும். 'அமைப்பு' என்ற பொதுச்சொல்லைப் பிடித்துக்கொண்டு மலைக்கும் கடலுக்கும் தாவ முடியாது. புகையைக் கண்டு நெருப்பை அறிவதற்கும், புகை போல வெளுத்த எதையோ கண்டு நெருப்பு என்பதற்கும் உள்ள வேறுபாடு இது. தமிழ் மணிமேகலையின் 29ஆம் காதை ஏதுப்போலிகளை வகை வகையாகப் பிரித்துக் காட்டுவதைப் படித்தவர்களுக்கு இந்தக் கறார் புதிதாக இராது.

கடவுள் மறுப்பாளர் மட்டும்தான் இப்படி வாதிட்டார்கள் என்பதும் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தில், பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் சூத்திரத்துக்கு உரை எழுதும்போது, அனுமானத்தால் கடவுளை நிறுவும் முயற்சியை முதலில் முழு வலிமையோடு எடுத்துரைத்து, பிறகு துண்டு துண்டாக்குகிறார். பூமியும் கடலும் காரியங்களாகவே இருக்கட்டும். அவை எல்லாம் ஒரே காலத்தில் ஒருவனால் செய்யப்பட்டன என்பதற்கு என்ன சான்று? பலர் பல காலத்தில் செய்திருக்கலாமே? கண்ட குயவனை வைத்து ஊகிப்பதானால், கிடைக்கும் கர்த்தாவுக்கும் உடம்பும் வரம்புள்ள ஆற்றலும்தானே இருக்க வேண்டும்? பிரம்மத்தை அறிய சாத்திரம் ஒன்றே வழி என்பது அவர் முடிவு. டேவிட் ஹ்யூம் ஏறத்தாழ இதே தடைகளை எழுப்பிய நூல் அவர் இறந்த பிறகு 1779இல்தான் வெளிவந்தது. ஹ்யூமிடம் அவை ஐயவாதமாக முடிகின்றன. இராமானுசரிடம் பக்திக்கு இடம் விடுகின்றன. வாதத்தின் ஓட்டை மட்டும் இருவருக்கும் ஒரே இடத்தில் தெரிந்தது. கடவுளை ஏற்பவர் எல்லாரும் வடிவமைப்பு வாதத்தை ஏற்றாக வேண்டும் என்று இன்று இரு தரப்பிலும் நினைக்கிறார்கள். ஸ்ரீபாஷ்யத்தின் இந்தப் பகுதியை அவர்கள் படித்ததில்லை போலும்.

கடிகாரம்

ஐரோப்பாவில் இதன் புகழ்பெற்ற வடிவம் வில்லியம் பேலி 1802இல் எழுதிய 'இயற்கை இறையியல்'. வெட்டவெளியில் கிடக்கும் கல்லைப் பார்த்தால் எப்போதும் அங்கே கிடந்தது என்று சொல்லிவிடலாம்; கடிகாரம் கிடந்தால் அப்படிச் சொல்ல முடியாது, அதைச் செய்தவன் ஒருவன் இருக்க வேண்டும்; கண்ணும் காதும் கடிகாரத்தைவிட நுட்பமானவை. டார்வின் கேம்பிரிட்ஜில் பேலியைப் படித்து ரசித்தவர். 1859இல் 'உயிரினங்களின் தோற்றம்' நூலில், பேலி வியந்த அதே பொருத்தத்துக்கு இன்னொரு வழி காட்டினார்: சந்ததிகளில் வேறுபாடு எழுகிறது, அது மரபாகத் தொடர்கிறது, வாழ்வதற்கு உதவும் வேறுபாடு தலைமுறைதோறும் பெருகுகிறது. திட்டமிடுபவர் இல்லாமலே நுட்பம் சேரும்.

டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கடிகார ஆலை ஒசூரில் இருக்கிறது. சிப்காட் பகுதி ஷிப்டுக்குப் போய்வரும் பாகலூர்க்காரர் ஒருவருக்குக் கடிகாரத்தைச் செய்தவர் யார் என்று ஊகிக்கத் தேவையே இல்லை. டூல்ரூம் எது, எந்த லைனில் எந்தப் பாகம் சேர்கிறது, எந்தப் பிழைக்கு ரிஜெக்ட் ஆகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பேலியின் வாசகருக்கும் கடிகாரக் கடை முன்பே பழக்கம். அந்தப் பழக்கத்தின் பலத்தில்தான் உவமை நிற்கிறது. கண்ணுக்கு அப்படி ஒரு கடையை யாரும் பார்த்ததில்லை.

கல்லில் கைவேலையைக் காண்பது

வடிவமைப்பு வாதிகள் அடிக்கடி சொல்லும் ஒரு மறுமொழி கேட்கத் தக்கது: தொல்லியலார் ஒரு கல்லைப் பார்த்து மனிதன் செதுக்கியது என்கிறார்களே, அது அறிவியல் என்றால் நாங்கள் செய்வது மட்டும் ஏன் இல்லை?

1863 மே 30 அன்று, புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு கல்லை எடுத்து, இது மனிதக் கை பட்ட கருவி என்று கண்டார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறது. அதே ஆண்டு அதிரம்பாக்கம் என்ற கற்கால இடமும் கண்டறியப்பட்டது. அங்கே கிடைத்த கைக்கோடரிகளின் காலம் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என்று சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்டனர். கிருஷ்ணகிரி மாவட்ட மயிலாடும்பாறையில் நுண்கற்கருவிகளும் புதிய கற்காலக் கோடரிகளும் கிடைத்தன; அங்கு எடுத்த இரும்புக்குக் கி.மு. 2172 என்று காலக்கணிப்பு வந்ததை 2022இல் தமிழக அரசு அறிவித்தது.

இந்த முடிவுகள் 'சிக்கலாக இருக்கிறது, ஆகவே செய்தது' என்ற வழியில் வந்தவை இல்லை. கைக்கோடரி ஒன்றும் பெரிய சிக்கலான பொருள் இல்லை. ஒரு செம்பருத்திப் பூ அதைவிடப் பன்மடங்கு சிக்கலானது. கல்லை இன்னொரு கல்லால் அடித்தால் அடிபட்ட இடத்தருகே குமிழ் போன்ற புடைப்பு விழும், சில்லு பெயர்ந்த தழும்பு எந்தத் திசையில் ஓடும், எந்தக் கல் வகை எப்படி உடையும் என்பவற்றை ஆய்வாளர்கள் தாங்களே கல் உடைத்துப் பார்த்து அறிந்திருக்கிறார்கள். செய்தவருக்குக் கை உண்டு, பசி உண்டு, கல் எடுத்த இடம் உண்டு.

இந்த முறை தோற்கவும் கூடியது, தோற்றும் இருக்கிறது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் மளிகைக்கடை வைத்திருந்த பெஞ்சமின் ஹாரிசன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏராளமான முரட்டுக் கற்களைச் சேர்த்து, இவை மிகப் பழைய மனிதரின் கருவிகள் என்றார். இயோலித் என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. பெரிய அறிஞர்கள் சிலர் ஏற்றும் கொண்டார்கள். 1905இல் பிரான்சின் மார்செலின் பூல் ஒரு சிமென்ட் ஆலையில் சுண்ணாம்புக் கற்களோடு கலவைத் தொட்டியில் சுழன்று வெளிவந்த சிக்கிமுக்கிக் கற்களைப் பார்த்தார். அவையும் அச்சாக இயோலித் போலவே இருந்தன. மண்ணழுத்தமும் அப்படியே செய்யும் என்று ஹேசல்டீன் வாரன் அதே ஆண்டு சோதித்துக் காட்டினார். கைவேலை என்ற கூற்று மெல்ல விழுந்தது. மேலே கேட்ட கேள்விக்கு விடை இந்தக் கதையில் இருக்கிறது. செய்தவனை ஊகிப்பது அறிவியலுக்கு விலக்கு கிடையாது. செய்தவன் யார், எப்படிச் செய்தான் என்று ஏதாவது சொல்லி, அது பொய்த்துப் போக வழி விட்டால் போதும்.

படைப்பிலிருந்து வடிவமைப்புக்கு

அமெரிக்காவில் நடந்தது பெரிதும் சட்டத்தின் கதை. பரிணாமத்தைப் பாடமாக்கத் தடை விதித்த ஆர்கன்சாஸ் சட்டத்தை 1968இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. பைபிள் படைப்புக் கதைக்கு 'படைப்பு அறிவியல்' என்று பெயரிட்டுப் பரிணாமத்தோடு சம நேரம் கேட்ட சட்டம் 1982இல் அதே மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் விழுந்தது. லூசியானாவின் இதேபோன்ற சட்டத்தை 1987இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அப்போது அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு பாடநூல் 1989இல் 'பாண்டாக்களும் மனிதர்களும் பற்றி' என்ற தலைப்பில் வெளிவந்தது. அதன் கையெழுத்துப் படிகளை 2005 வழக்கில் சாட்சி சொன்ன பார்பரா ஃபாரஸ்ட் வரிசைப்படுத்திக் காட்டினார். 1987 தீர்ப்புக்கு முந்தைய படிகளில் 'படைப்புவாதிகள்' என்றிருந்த இடங்களில் பிந்தைய படிகளில் 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' வந்திருந்தது. ஓரிடத்தில் பழைய சொல்லின் பாதியும் புதிய சொல்லின் பாதியும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. புதைபடிவங்களில் இடைநிலை வடிவம் இல்லை என்று வாதிட்ட நூலிலேயே ஓர் இடைநிலை வடிவம் கிடைத்தது என்று சிரித்தவர்கள் பலர்.

கொள்கைக்கு அறிவியல் முகம் தர முயன்றவர் உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி. 1996இல் வெளியான தம் நூலில் 'குறைக்கவியலாச் சிக்கல்' என்ற கருத்தை வைத்தார். ஒரு பாகத்தை எடுத்தாலும் எலிப்பொறி வேலை செய்யாது. பாக்டீரியாவின் கசையிழை, இரத்தம் உறையும் தொடர் ஆகியவையும் அப்படியே. ஆகவே படிப்படியாக வந்திருக்க முடியாது. இது சோதிக்கத்தக்க கூற்று, அந்த வரையில் மதிக்கத் தக்கது. சோதனையில் அது நிற்கவில்லை. கசையிழையின் அடிப்பகுதியை ஒத்த, அதைவிடக் குறைந்த புரதங்களே கொண்ட அமைப்பு ஒன்று சில பாக்டீரியாக்களில் நச்சுப் புரதத்தைச் செலுத்தும் ஊசியாகப் பயன்படுகிறது. டால்பினுக்கு உறைதல் காரணி 12 இல்லை; அதன் இரத்தம் உறையத்தான் செய்கிறது. பாகம் குறைந்தால் பழைய வேலை நிற்கலாம், வேறு வேலை நடக்கலாம் என்பதற்குப் பீஹியின் கணக்கில் போதிய இடம் இல்லை.

பென்சில்வேனியாவின் டோவர் ஊர்ப் பள்ளி வாரியம் 2004இல் 9ஆம் வகுப்பு உயிரியல் மாணவர்களுக்கு இக்கொள்கையை அறிமுகப்படுத்தும் அறிக்கை ஒன்றைப் படிக்க உத்தரவிட்டது. ஆசிரியர்கள் படிக்க மறுத்துவிட்டார்கள். நிர்வாகிகள் வந்து படித்தார்கள். 11 பெற்றோர் வழக்குத் தொடர்ந்தனர். 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பு வழங்கினார். இயற்கைக்கு அப்பாற்பட்ட காரணத்தை அனுமதிக்கிறது; பரிணாமத்தில் குறை கண்டால் வடிவமைப்பு நிரூபணமாகும் என்ற போலி இருமையில் நிற்கிறது; பரிணாமத்தின் மீது வைத்த குறைகளும் மறுக்கப்பட்டுவிட்டன என்ற மூன்று காரணங்களால் இது அறிவியல் ஆகாது என்றார். அவர் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் நியமித்த நீதிபதி. தீர்ப்புக்கு முன்பே நடந்த தேர்தலில் வாரியத்தின் ஆதரவாளர்கள் தோற்றிருந்ததால் மேல்முறையீடும் இல்லை. குறுக்கு விசாரணையில் பீஹி, தாம் தரும் வரையறைப்படி சோதிடமும் ஓர் அறிவியல் கோட்பாடாகத் தகுதி பெறும் என்று ஒப்புக்கொண்டார். அவ்வளவு அகலமாகத் திறந்தால்தான் அவர் கொள்கை உள்ளே நுழையும்.

தீர்ப்பின் பக்கம் நிற்பவர்களுக்குள்ளும் காரணத்தில் ஒற்றுமை இல்லை. மெய்யியலாளர் லாரி லாடன் 1982 தீர்ப்பையே கண்டித்தவர்: படைப்புவாதிகள் உலகின் வயது பற்றிச் சொன்னவை சோதிக்கத்தக்கவை, சோதித்தோம், தவறு என்று ஆனது, பிறகு ஏன் 'அறிவியலே அல்ல' என்று வகை பிரிக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. எலியட் சோபர் 2007இல் இன்னும் கூர்மையாக ஒன்றைச் சொன்னார். வடிவமைத்தவரின் நோக்கமும் திறனும் தெரியாதவரை, அவர் கண்ணை இப்படித்தான் செய்திருப்பார் என்று எதிர்பார்க்க எந்த ஆதாரமும் இல்லை. இக்கட்டுரையாளருக்குச் சோபரின் பாதையே சரியாகப் படுகிறது. பீஹியின் தனிக் கூற்றுகள் சோதித்துத் தோற்றவை. மையக் கூற்றோ, குயவனின் பெயரையும் மண்ணையும் சக்கரத்தையும் மறைத்துவிட்டதால், தோற்கவே முடியாதபடி காலியாக இருக்கிறது. பெயரைச் சொன்னால் சட்டம் தடுக்கும், சொல்லாவிட்டால் உள்ளடக்கம் இல்லை.

குடிலுக்குள் இரண்டு வரலாறு

பாகலூர், பேரிகை, ஒசூர் பகுதிகளில் பாலிஹவுஸ் என்ற பசுமைக்குடில்களில் கொய்மலர் ரோஜா வளர்கிறது. பிப்ரவரி காதலர் தினத்துக்காகத் தாஜ்மகால் போன்ற சிவப்பு ரகங்கள் இங்கிருந்து போகின்றன. இந்த ரோஜாவை 'வடிவமைத்தது' என்று சொல்ல முழு நியாயம் உண்டு. கலப்பினம் செய்தவர் உண்டு, ஒட்டுக் கட்டியவர் உண்டு, பதிவேடு உண்டு. ஆனால் ஆண்டு முழுதும் பூக்கும் அதன் குணம் எங்கிருந்து வந்தது? காட்டு ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரு பருவமே பூக்கும். பூப்பதை அடக்கிவைக்கும் ஒரு மரபணுவுக்குள் தாவும் டி.என்.ஏ. துண்டு ஒன்று தற்செயலாகப் புகுந்து அதைக் கெடுத்ததால்தான் சீன ரோஜாக்கள் தொடர்ந்து பூக்கத் தொடங்கின என்று 2012இல் கண்டறிந்தார்கள். சீனத் தோட்டக்காரர்கள் அந்தக் கோளாறைப் போற்றி வளர்த்தார்கள். தேர்ந்தெடுத்தது மனிதன், தந்தது விபத்து.

அதே ரோஜா இலையின் அடிப்பக்கம் செஞ்சிலந்தி இருக்கும். மைட்ஸ் என்றே விவசாயிகள் சொல்வார்கள். ஒரே மருந்தைத் தொடர்ந்து அடித்தால் சில பருவங்களில் அது கேட்காமல் போகிறது. மருந்துக்குத் தாங்கிய சிலவற்றின் வாரிசுகள் குடிலை நிரப்பிவிடுகின்றன. வெயில் காலத்தில் ஒரு தலைமுறைக்கு ஒன்றிரண்டு வாரம் போதும். கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கும் ஆணுக்கு மரபணுத் தொகுதி ஒன்றே இருப்பதால், தாங்கும் குணம் மறைந்து கிடக்க வழியில்லை, உடனே தேர்வுக்கு உள்ளாகிறது. வேறு வேறு வகையில் செயல்படும் மருந்துகளை மாற்றி மாற்றி அடிக்கச் சொல்லும் பரிந்துரை இந்தக் கணக்கின் மேல் நிற்கிறது. வடிவமைப்புக் கொள்கையிலிருந்து இப்படி ஒரு தெளிப்பு அட்டவணையை யாரும் வருவித்ததில்லை.

இந்தியாவில்

இந்தியாவில் டோவர் போன்ற வழக்கு நடக்கவில்லை. மிக நெருங்கி வருவது சோதிட வழக்கு. பல்கலைக்கழக மானியக் குழு 2001இல் பல்கலைக்கழகங்களில் 'ஜோதிர் விஞ்ஞானம்' துறைகள் தொடங்க நிதி அளிக்க முன்வந்தது. ஐதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தை நிறுவிய புஷ்ப பார்கவா ஆந்திர உயர் நீதிமன்றம் சென்றார், மனு தள்ளுபடியானது. உச்ச நீதிமன்றமும் 2004 மே மாதம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது: பாடத்திட்டம் கல்வி வல்லுநர் விவகாரம், நீதிமன்றம் அதில் தலையிடத் தகுதி கொண்டதில்லை, விரும்பியவர் மட்டுமே படிக்கப்போகிறார். அடுத்த ஆண்டே அமெரிக்க நீதிபதி எதிர்த்திசையில் துணிந்து உள்ளே இறங்கினார். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976 முதல் அரசியலமைப்பில் எழுதிவைத்திருக்கும் நாடு நம்முடையது. அந்தப் பிரிவு வழக்கில் பெரிதாக உதவவில்லை.

தமிழில் பரிணாமம் வாதமாக வந்தது பகுத்தறிவு இயக்கத்தோடு. சிங்காரவேலர் 1930களில் குடிஅரசு இதழில் எழுதிய அறிவியல் கட்டுரைகளும், 1935இல் தொடங்கிய அவருடைய 'புது உலகம்' இதழும் அதில் முன்னோடி. மறு பக்கத்தில், இஸ்கான் நிறுவனர் பிரபுபாதர் டார்வினைக் கடுமையாக மறுத்தார். அவ்வமைப்போடு தொடர்புடைய மைக்கேல் கிரெமோவும் ரிச்சர்ட் தாம்சனும் 1993இல் வெளியிட்ட 'விலக்கப்பட்ட தொல்லியல்' நூல், மனிதன் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இருக்கிறான் என்று நிறுவ, கென்ட் மளிகைக்கடைக்காரரின் அதே இயோலித் கற்களை மீண்டும் சாட்சிக்கு அழைத்தது. பைபிள்வாதிகள் உலகின் வயதைச் சுருக்கினால் இவர்கள் மனிதனின் வயதை நீட்டினார்கள்.

2018 ஜனவரியில் மத்திய மனிதவள இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாவதை யாரும் பார்த்ததில்லை, டார்வின் கொள்கையைப் பாடத்திலிருந்து மாற்ற வேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகளும் கூட்டாக மறுப்பு அறிக்கை வெளியிட்டன. அவற்றில் ஒன்று பாகலூருக்கு அண்டை நகரமான பெங்களூரில் இருக்கும் இந்திய அறிவியல் அகாதமி. அமைச்சரின் மேலமைச்சரும் அவரை அடக்கிவைத்தார். 2023இல் அதிக ஆரவாரம் இல்லாமலே ஒன்று நடந்தது. பாடச்சுமை குறைப்பு என்று சொல்லி, தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் 10ஆம் வகுப்பு அறிவியல் நூலில் 'பாரம்பரியமும் பரிணாமமும்' என்ற பாடம் 'பாரம்பரியம்' என்று சுருங்கியது. எதிர்த்து எழுதிய திறந்த மடலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் கையெழுத்திட்டனர். மாற்றாக வடிவமைப்புக் கொள்கை எதுவும் நுழைக்கப்படவில்லை. இடம் காலியாக விடப்பட்டது.

தமிழ்நாட்டுப் பாடநூலின் 10ஆம் வகுப்பு அறிவியலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' தனி அலகாகவே இருக்கிறது. ஆகவே ஒசூர் வட்டாரத்தில் மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளை பொதுத்தேர்வுக்காகவாவது டார்வினைப் படித்தாக வேண்டும். மத்தியப் பாடத்திட்டப் பள்ளியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை, மேல்நிலை வகுப்பில் உயிரியலைத் தேர்ந்தெடுத்தால் 12ஆம் வகுப்பில் அதைப் பார்க்கும்.